விரிசல் விட்ட பூச்சட்டி: ஒட்டலாமா, கட்டலாமா, உள்ளே இன்னொன்றை இறக்கலாமா?

எந்தப் பசை பாக்கெட்டை எடுத்தாலும் முதல் நிபந்தனை ஒன்றுதான்: ஒட்டும் இடத்தில் ஈரம் இருக்கக் கூடாது. கன்னியாகுமரி மாவட்டத்தில் அதுதான் பெரிய சோதனை. ஜூனில் தென்மேற்கு மழை தொடங்கும். அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் வடகிழக்கு மழை வந்துவிடும். இடையில் வெயில் அடித்தாலும் காற்றில் ஈரம் போவதில்லை. சுட்ட மண் சட்டி அந்த ஈரத்தை எல்லாம் குடித்து வைத்துக்கொள்ளும். அதனால் "எந்தப் பசை நல்லது?" என்று கேட்பதற்கு முன்னால், என்ன சட்டி, எதனால் விரிந்தது, இது எந்த மாதம் என்று மூன்றையும் பார்த்துவிட வேண்டும். இங்கே பலர் ஒட்டிய சட்டி மறு மழையில் விட்டுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் பசையின் குறை இல்லை, இந்த மூன்றையும் பார்க்காததுதான்.

தட்டிப் பார்த்து, நனைத்துப் பார்த்து

மண்ணை முழுக்கக் கொட்டிவிட்டுச் சட்டியை மணல் குவியல் மேல் வைத்து விரல் கணுவால் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் உடல் நன்றாக இருக்கிறது, விரிசல் இருந்தாலும் மேலோட்டமானது. 'டொக்' என்று மங்கிய சத்தம் வந்தால் கண்ணுக்குத் தெரிவதைவிட நீளமாக விரிசல் ஓடியிருக்கிறது. எதுவரை ஓடியிருக்கிறது என்று தெரிய, ஈரத் துணியால் முழுக்கத் துடைத்துவிட்டு நிழலில் வையுங்கள். சுற்றிலும் காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் கறுப்பாக நிற்கும். அந்தக் கோடு முடியும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

விளிம்பில் தொடங்கி நெடுக்காகக் கீழே இறங்கும் விரிசல்தான் அதிகம் வருவது, சரிசெய்ய எளிதும் அதுதான். அடித்தட்டைச் சுற்றி வட்டமாக ஓடும் விரிசல் ஆபத்தானது. சட்டியைத் தூக்கும்போது அடிப்பாகம் மட்டும் தரையிலேயே தங்கிவிடும். மூன்றாவது வகை உண்மையில் விரிசலே இல்லை. வெளிப்பக்கம் செதில் செதிலாக உதிர்ந்து, அடியில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். உப்பின் வேலை அது.

வெளிநாட்டுத் தோட்டக் குறிப்புகளில் சட்டி உடைவதற்கு முதல் காரணமாகப் பனியைச் சொல்வார்கள். சட்டிக்குள் இருக்கும் நீர் உறைந்து விரிவதால் உடைகிறது என்பார்கள். நமக்கு அது பொருந்தாது. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி என்று கடலை ஒட்டிய ஊர்களில் உப்புக் காற்றும், சில இடங்களில் உப்பான கிணற்றுத் தண்ணீரும், அதோடு நாம் போடும் ரசாயன உரமும் சேர்ந்து மண் சட்டியின் நுண்துளைகளில் இறங்குகின்றன. வெயிலில் நீர் ஆவியாகும்போது உப்பு உள்ளேயே படிகமாகி வளர்ந்து, சட்டியின் தோலைத் தள்ளுகிறது. ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக்காற்று சட்டியைக் கவிழ்க்கிறது. தோப்பை ஒட்டிய வீடுகளில் தென்னை மட்டை விழுகிறது. காகிதப்பூ, அடீனியம் போன்றவற்றின் வேரும் கிழங்கும் பருத்து உள்ளிருந்து நெருக்குகின்றன. வயல் களிமண்ணை நிரப்பியிருந்தால், மழையில் அது ஊதிச் சட்டியின் பக்கத்தைத் தள்ளும். அடித்துளை அடைத்திருந்தால் இது இன்னும் மோசம்.

சட்டியைச் சுட்ட மண்ணிலேயே சுண்ணாம்புக் கல் துணுக்குகள் கலந்திருப்பதும் உண்டு. ஈரம் பட்டதும் அந்தத் துணுக்கு ஊதி, சின்னக் குழியாகத் தெறிக்கும். குழிக்குள் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அதுதான் காரணம். அப்படி நாலைந்து இடம் தெறித்த சட்டியைச் சரிசெய்ய உழைக்காதீர்கள், அடுத்த இடமும் தெறிக்கும்.

பசையின் வேலை வேறு, கம்பியின் வேலை வேறு

12 இன்ச் வாயும் அதே உயரமும் உள்ள சட்டி சுமார் 15 லிட்டர் மண் கொள்ளும். நனைந்த மண் லிட்டருக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கிலோ இருக்கும். அப்படியானால் சுமார் 20 கிலோ எடை உள்ளிருந்து பக்கச்சுவரைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அறை வெப்பத்தில் இறுகும் எப்பாக்ஸி பசைகள் 50, 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கிவிடும். மேற்கு வெயில் படும் மட்டுப்பாவில் (மொட்டை மாடியில்), கறுத்த மெருகுச் சட்டியின் (கண்ணாடிபோல் பளபளக்கும் பூச்சு கொடுத்துச் சுட்ட சட்டி) வெளிப்பக்கம் அந்தச் சூட்டை எட்டுவது ஆச்சரியமில்லை. இளகிய பசையை மண்ணின் எடை நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும். அதனால்தான் பசை மட்டும் போட்டு நிமிர்த்திய பெரிய சட்டி, ஒருநாள் காரணமே தெரியாமல் வாய் பிளக்கிறது.

10 இன்சுக்கு மேற்பட்ட எந்தச் சட்டியாக இருந்தாலும் கம்பிதான் பாரம் தாங்க வேண்டும். விரிசலை அடைத்து, மண்ணும் நீரும் கசியாமல் பார்த்துக்கொள்வது மட்டும் பசையின் பங்கு. நெடுக்கு விரிசல் மட்டும் உள்ள மண் சட்டிக்குப் பசையே வேண்டாம், கம்பி போதும். கசியும் நீர் மண் சட்டிக்குக் கேடில்லை, அது ஏற்கெனவே தன் சுவர் வழியாக நீர் விடும் பாத்திரம்தான்.

10, 12 இன்ச் சட்டிக்கு 1.2 மில்லிமீட்டர், அதற்குப் பெரியதற்கு 1.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வாங்குங்கள். கட்டுக்கம்பியும் ஜிஐ கம்பியும் விலை குறைவுதான், ஆனால் கட்டுக்கம்பிக்குத் துத்தநாகப் பூச்சு பெரும்பாலும் இருப்பதில்லை, ஜிஐ கம்பியின் பூச்சும் கடற்காற்று படும் ஊரில் சீக்கிரம் போய்விடும். பிறகு துரு வழிந்து சட்டியில் கறை கட்டும். செப்புக் கம்பி துருப்பிடிக்காது, வளைக்கவும் சுலபம். ஆனால் பாரத்தில் நீளும் என்பதால் சின்னச் சட்டிகளுக்கு மட்டும். கடற்கரை ஊர்களில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது நைலான் நரம்பு. அதைத் தவிர்க்கவே சொல்வோம். நைலான் ஈரத்தை உறிஞ்சி நீளும், வெயிலில் நலியும், முடிச்சும் மெல்ல இளகும்.

சட்டி கீழே போகப்போகக் குறுகுவதால், கம்பியை இறுக்க இறுக்க அது கீழே வழுக்கும். இங்கேதான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். விளிம்பின் மடிப்புக்கு நேர் கீழே முதல் சுற்று வந்தால் விரிசலின் வாயைச் சேர்த்துப் பிடிக்கும். விரிசல் நீளமாக இருந்தால் கீழேயும் ஒரு சுற்று வேண்டும். மண் சட்டியாக இருந்தால் இரண்டு இடத்திலும் அரத்தால் 1 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுற்றிலும் தடம் போடுங்கள். மெருகுச் சட்டியில் தடம் போட்டால் மெருகு தெறிக்கும். அதற்குப் பதிலாகக் கம்பி வரும் கோட்டுக்குக் கீழே நான்கு இடங்களில் பிசைந்து ஒட்டும் எம்-சீலைப் பயறளவு ஒட்டி இறுகவிடுங்கள், கம்பி அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும். விரிசல் சேர்ந்து மூடும்படி சைக்கிள் டியூப் வாரால் முதலில் கட்டிக்கொண்டு, கம்பியை இரண்டு சுற்று சுற்றி, குறடால் வெளிப்பக்கம் இழுத்தபடியே முறுக்குங்கள். விரலால் சுண்டினால் கம்பி மெல்லிதாக ஒலிக்க வேண்டும். அதோடு நிறுத்திவிடுங்கள். 'இன்னும் அரைச் சுற்று' என்று ஆசைப்பட்டால் முறுக்கிய இடத்திலேயே கம்பி அறும், இல்லையென்றால் விளிம்பு நொறுங்கும். முறுக்கின் முனையைச் சட்டியோடு ஒட்ட மடக்கிவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் ஊற்றுகிறவர் கையைக் கிழித்துவிடும்.

எப்பாக்ஸி: நல்ல பசை, பொறுமை கேட்கும் பசை

இரண்டு குழாயில் வரும் எப்பாக்ஸி பசைதான் மெருகுச் சட்டிக்கும் துண்டாக உடைந்த மண் சட்டிக்கும் மிகச் சரியானது. பழைய ஊறுகாய்ப் பரணியைச் செடி வைக்கப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதுதான். 5 நிமிடத்தில் இறுகும் வகையை விட்டுவிட்டு, மெல்ல இறுகும் சாதாரண வகையை வாங்குங்கள். விரைவு வகை ஈரத்தில் சீக்கிரம் தளரும். விரிசலுக்குள் ஊறி இறங்கவும் அதற்கு நேரமிருக்காது.

ஒட்டுவதற்கு முன் சட்டியை இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை நாலைந்து முறை மாற்றுங்கள். உப்பு இறங்கட்டும். பிரஷ்ஷால் பாசியையும் வேரையும் சுரண்டி எடுங்கள். பிறகு உலர்த்த வேண்டும். ஜனவரி, பிப்ரவரி வெயிலில் மண் சட்டிக்கு நாலைந்து நாள் பிடிக்கும். தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மேல் காய்ந்து உள் ஈரமாக இருக்கும். தராசில் வையுங்கள். இன்று மாலை எடையும் நாளை மாலை எடையும் ஒன்றாக இருந்தால் காய்ந்துவிட்டது. மெருகுச் சட்டியும் இதற்கு விலக்கல்ல. உத்தரப் பிரதேசத்தின் குர்ஜா போன்ற ஊர்களிலிருந்து வருபவற்றில் பலவற்றுக்கு வெளியே மட்டும்தான் மெருகு, உட்பக்கமும் அடியும் வெறும் மண். அந்த வழியாக ஏறிய நீர் மெருகைத் தாண்டி வெளியேற முடியாமல் விரிசல் வழியாகத்தான் வரப் பார்க்கும். உங்கள் பசையைத் தள்ளிக்கொண்டு வரும்.

துண்டாகாமல் விரிந்து மட்டும் இருக்கிற சட்டியில், கெட்டியான பசை அந்த மயிரிழைக்குள் எப்படிப் போகும்? வெயில்தான் வழி. சட்டியை ஒரு மணி நேரம் வெயிலில் சுடவைத்து, இரண்டு குழாயிலிருந்தும் சம நீளம் பிதுக்கி, கோடு தெரியாமல் கலந்து, விரிசலின் மேல் குச்சியால் தடவுங்கள். சூட்டில் பசை நீர்த்து, திரி எண்ணெயை இழுப்பதுபோல் விரிசல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். இறங்க இறங்க மேலே வையுங்கள். இறங்குவது நின்றதும் நிழலுக்குக் கொண்டுவந்து டியூப் வாரால் கட்டிவிடுங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று இறுக்கியைக் கூடுதலாகச் சேர்த்தால் பசை ரப்பர்போல் நின்றுவிடும், கெட்டிப்படாது.

உடைந்த துண்டுகள் என்றால் பசை இல்லாமல் ஒருமுறை முழுக்க அடுக்கிப் பாருங்கள். அடியிலிருந்து மேலாக என்ன வரிசை என்று சாக்பீஸால் எண் போடுங்கள். வரிசை தவறினால் கடைசித் துண்டு நுழையாது. உடைந்த முகம் ஒன்றில் மட்டும் மெல்லிய பூச்சு போதும். பிதுங்கி வரும் பசையை இறுகுவதற்கு முன் தின்னர் தொட்ட துணியால் துடையுங்கள். ஒட்டியதை மணல் பெட்டியில் புதைத்து நிறுத்தினால் பாரம் இணைப்பில் விழாது. 24 மணி நேரம் அசைக்காதீர்கள். மண்ணும் தண்ணீரும் ஒரு வாரம் கழித்து.

துண்டு தொலைந்த இடத்துக்கு, பழைய ஓட்டுத் துண்டை அம்மியில் பொடித்துத் துணியில் சலித்து, கலந்த பசையோடு அதே அளவு சேர்த்து நிரப்பலாம். நிறம் நன்றாக ஒத்துப்போகும். எப்பாக்ஸி வெயிலில் மஞ்சளித்துப் பொடியும். அதனால் வெளியில் தெரியும் இடத்துக்கு வெளிச்சுவர் பெயின்ட் ஒரு கை அடித்துவிடுங்கள்.

எம்-சீல் போன்ற பிசைந்து ஒட்டும் வகையும் எப்பாக்ஸிதான், வேலை மட்டும் வேறு. ஓட்டை, விளிம்பில் சிதறிய இடம், அடித்தட்டின் உள்மூலை, இவற்றுக்கு நல்லது. மயிரிழை விரிசலின் மேல் அதை அப்பினால் மேலேயே உட்கார்ந்திருக்கும், உள்ளே ஒன்றும் போகாது. இரண்டு நிறமும் கலந்து ஒரே நிறமாகும்வரை பிசையாமல் ஒட்டியவர்கள்தான் அது 'இறுகவே இல்லை' என்கிறார்கள்.

மழை மாதத்தில் சிமெண்ட்

எப்பாக்ஸிக்கு உலர்ந்த சட்டி வேண்டும், சிமெண்டுக்கு நனைந்த சட்டி வேண்டும். ஜூன், ஜூலையிலும் அக்டோபர், நவம்பரிலும் விரிந்த மண் சட்டியை வெயிலுக்காகக் காத்திருக்க முடியாத நிலையில், நம் மாவட்டத்தில் செய்யக்கூடிய ஒட்டு வேலை சிமெண்ட் மட்டும்தான். மார்த்தாண்டம், குலசேகரம் என்று மேற்கே போகப்போக இது இன்னும் உண்மை. ஆனால் மெருகின் மேல் சிமெண்ட் பிடிக்காது. தடித்த மண் சட்டிக்கும் சிமெண்ட் தொட்டிக்கும் மட்டுமே இது.

உட்பக்கம் விரிசல் நெடுக 5 மில்லிமீட்டர் ஆழத்துக்கு 'வி' வடிவில் வெட்டுங்கள். உளியும் சுத்தியலும் வேண்டாம், ஹேக்சா பிளேடு போதும். சட்டியை ஒரு ராத்திரி நீரில் போட்டு, எடுத்து, நீர் தேங்காமல் துடையுங்கள். கட்டட வேலைக்கு விற்கும் எஸ்பிஆர் லேட்டெக்ஸ் (சிமெண்டில் கலக்கும் செயற்கை ரப்பர் பால்) ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து, தயிர்ப் பதம் வரும்வரை சிமெண்ட் சேர்த்து வெட்டிய இடத்தில் பிரஷ்ஷால் தேயுங்கள். அது காய்வதற்குள், சலித்த மணல் இரண்டு பங்குக்குச் சிமெண்ட் ஒரு பங்கு சேர்த்து, அதே லேட்டெக்ஸ் நீரில் குழைத்து அழுத்தி நிரப்புங்கள். பூச்சு காய்ந்த பிறகு சாந்து வைத்தால் இரண்டும் ஒட்டாமல் ஏடாகப் பெயரும். ஈரச் சாக்கு போர்த்தி 7 நாள் வையுங்கள். வெளியே தெரியும் இடத்துக்கு வெள்ளைச் சிமெண்டில், தரைக்குப் போடும் சிவப்பு ஆக்சைடைக் கலக்கலாம். 100 கிராம் சிமெண்டுக்கு 5 கிராமில் தொடங்குங்கள், 10 கிராமைத் தாண்டினால் வலு குறையும்.

இந்த வேலை தோற்பது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: காய்ந்த சட்டியில் செய்வது. சுட்ட மண் சிமெண்டின் நீரை உறிஞ்சிவிட, இறுக வேண்டிய சாந்து வெறும் பொடியாக நிற்கும்.

சிமெண்ட் தொட்டியில் விரிசலோடு பழுப்புக் கறை தெரிந்தால் உள்ளே உள்ள கம்பி துருப்பிடித்து ஊதுகிறது. மேலே பூசுவதில் பயனில்லை. கம்பி தெரியும்வரை உடைத்து, துருவைச் சுரண்டி, துருத் தடுப்புப் பூச்சு அடித்த பிறகுதான் சாந்து.

பத்மநாபபுரம் அரண்மனையின் கறுத்த தரையைக் காட்டி, சிப்பிச் சுண்ணாம்பிலேயே ஒட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சுண்ணாம்புச் சாந்து காற்றைக் குடித்து மெல்ல மெல்ல இறுகுவது. தினமும் நனையும் மெல்லிய விரிசலுக்குள் அதற்கு இறுக வாய்ப்பே கிடைப்பதில்லை. தரைக்கும் சுவருக்கும் ஏற்ற பொருளைச் சட்டியில் சோதிக்க வேண்டாம்.

சிலிகோனைக் கடைசியில் வையுங்கள்

சிலிகோன் வளையும், நீரைத் தடுக்கும், பாரம் தாங்காது. மெருகுச் சட்டியின் உட்பக்கம் கசிவை நிறுத்த மட்டும் போடலாம். காடி வாசனை வரும் வகை சிமெண்டோடு சேராது, அந்த வாசனை இல்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். நாளுக்கு 2, 3 மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும். ஒருமுறை சிலிகோன் பட்ட இடத்தில் பிறகு எப்பாக்ஸியும் பிடிக்காது, சிமெண்டும் பிடிக்காது, பெயின்ட்டும் பிடிக்காது. முதலில் சிலிகோன் தடவிப் பார்ப்போம் என்று தொடங்குகிறவர்கள் மற்ற எல்லாக் கதவையும் அடைத்துவிடுகிறார்கள்.

ஃபெவிக்விக் இடைவெளியை நிரப்பாது, ஈரத்தில் விடும். வெள்ளைப் பசை நீரில் கரையும். இரண்டும் இந்த வேலைக்கு வேண்டாம்.

ஒட்டாமலே காப்பாற்றுவது

விலை உயர்ந்த மெருகுச் சட்டி, விரிசல் நெடுக்காக, வீட்டு முன்வாசலில் நிற்பது என்றால் எங்கள் முதல் தேர்வு ஒட்டு வேலையே இல்லை. ஒரு கம்பிச் சுற்று போட்டு, செடியைக் கறுப்புப் பிளாஸ்டிக் நாற்றுச் சட்டியில் வைத்து உள்ளே இறக்கிவிடுங்கள். மண்ணின் நெருக்கு பிளாஸ்டிக்கோடு நின்றுவிடும், வெளிச்சட்டிக்குத் தன் எடை மட்டுமே. சுற்றிலும் 2 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். அடியில் ஓட்டுத் துண்டுகளை வைத்து உள்சட்டியை 3 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். வெளிச்சட்டி நிழல் தருவதால் வேருக்குச் சூடும் குறையும். வெளிச்சட்டியில் துளை இருந்தே ஆக வேண்டும். தேங்கிய நீரில் முட்டையிலிருந்து கொசு பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும், டெங்கு பரப்பும் கொசு விரும்புவது இப்படிப்பட்ட இடத்தைத்தான்.

ஆம்பலும் தாமரையும் வைக்கும் நீர்த்தொட்டிக்கு இந்த வழி பொருந்தாது, கம்பியும் தனியாக உதவாது. உள்ளே எப்பாக்ஸி தடவி அதன் மேல் கண்ணாடி இழைத் துணியை 5 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பதித்து, மேலும் ஒரு பூச்சு கொடுக்க வேண்டும். சிமெண்டில் சரிசெய்திருந்தால் மீன் விடுவதற்கு முன் ஒரு வாரமாவது தினமும் நீர் மாற்றுங்கள். புதுச் சிமெண்டின் காரம் மீனைக் கொல்லும்.

எப்படி ஒட்டினாலும் எப்படிக் கட்டினாலும், சரிசெய்த சட்டியை மட்டுப்பாவின் கைப்பிடிச் சுவர் மேலோ, தெருவுக்கு மேலாக நீட்டிய இடத்திலோ, தொங்கும் உறியிலோ வைக்கவே கூடாது. இதில் பேச்சுக்கு இடமில்லை. தரையில் மூன்று செங்கல் துண்டின் மேல் வையுங்கள். மண்ணையும் இளக்கமாக மாற்றுங்கள். செம்மண் ஒரு பங்கு, நன்கு கழுவிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய சாணம் அரைப் பங்கு. வயல் களி வேண்டாம்.

இனி, விடவேண்டியவை. உப்பரித்து உதிரும் சட்டி, அடி வட்டமாக விண்ட பெரிய சட்டி, மூன்றுக்கு மேல் விரிசல் ஓடியது, பசையும் கம்பியும் சேர்ந்து புதுச் சட்டியின் பாதி விலையைத் தொடுவது. சாதாரண மண் சட்டியாக இருந்தால், நாகர்கோவில் பக்கத்துச் சுங்கான்கடையில் இன்னும் மண்பாண்டம் வனைகிறார்கள். அங்கே ஒன்று புதிதாக வாங்குவது, பழையதற்கு எப்பாக்ஸி தேடுவதைவிட நல்லது. வாங்கும்போதே தட்டிப் பாருங்கள்.

உடைந்ததைச் சாக்கில் போட்டுச் சுத்தியலால் 2, 3 சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, இரண்டு நாள் நீரில் ஊறவையுங்கள். ஓட்டுத் துண்டு இரண்டு பங்கு, மரக்கரி ஒரு பங்கு, நறுக்கிய கதம்பை (தேங்காய் மட்டை) ஒரு பங்கு. ஆர்க்கிட் இதிலேயே வேர் பிடிக்கும். ஆந்தூரியத்துக்குக் கதம்பையை இரண்டு பங்காக்குங்கள். உப்பரித்த சட்டியின் துண்டுகளை மட்டும் இதில் சேர்க்காமல், பாதை ஓரக் குழியில் போட்டுவிடுங்கள். எவ்வளவு ஊறவைத்தாலும் ஆர்க்கிட் வேர் அந்த உப்பைக் கண்டுகொள்ளும்.